கும்பகோணத்து வீட்டை எந்த மாதத்தில் விற்பது?

கேள்வி: கும்பகோணம் நகருக்குள் எங்கள் தந்தையார் வாழ்ந்த பழைய ஓட்டு வீடு இருக்கிறது. முன்பக்கம் திண்ணையும் ரேழியும், நடுவில் முற்றமும், கொல்லையில் கிணறும் உள்ள வீடு. கூடத்துக்கு மேல் மட்டும், மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுத் தளம். தந்தையார் உயில் எழுதாமல் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. தாயார் திருச்சியில் என்னுடன் இருக்கிறார். தங்கை பட்டுக்கோட்டையில் இருக்கிறாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைக்கும் டிசம்பரில்தான் ஊருக்கு வருவான். விற்பதென்று நால்வரும் முடிவு செய்துவிட்டோம். ஆவணி முகூர்த்தம் முடிவதற்குள் கைமாற்றிவிடுங்கள் என்கிறார் ஒரு தரகர். 2028 மகாமகம் வரை பொறுத்தால் விலை ஏறும் என்கிறார் இன்னொருவர். அடுத்த வீட்டுக்காரர் இப்போதே வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், ஆனால் நாங்கள் நினைத்ததைவிடக் குறைத்துக் கேட்கிறார். எந்த மாதத்தில் விற்பது நல்லது? அதுவரை வீட்டை வாடகைக்கு விடலாமா?
வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பார்க்க வருவோருக்கு நீங்கள் கதவைத் திறக்க வேண்டிய காலம் தை மாதத்தின் பிற்பாதி. விலை பேசி உடன்படிக்கை போட வேண்டியது மாசியில் அல்லது பங்குனியில். கிரயம் பதிவாக வேண்டியது சித்திரையில். தவறினால் வைகாசி முடிவதற்குள். இப்போது பிறக்கவிருக்கும் புரட்டாசியிலிருந்து மார்கழி முடியும் வரை உள்ள நான்கு மாதங்களைப் பத்திரங்களைச் சீர்செய்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையைத் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், வாங்குபவர் பணத்தோடு காத்திருக்கும்போது நீங்கள் வாரிசுச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருப்பீர்கள். அதற்குள் ஆனியும் ஆடியும் வந்துவிடும்.

டெல்டாவில் வீடு, மனைகளை மதிப்பிடுவதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், பருவம் எதை மாற்றும், எதை மாற்றாது என்பதை விளக்கிவிட விரும்புகிறேன். மனையின் அளவு, தெருவின் அகலம், கட்டடத்தின் நிலை, பத்திரங்களின் ஒழுங்கு ஆகியவற்றால் அமைவதே வீட்டின் மதிப்பு. மாதம் மாறினால் அது மாறுவதில்லை. மாறுவது, உங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்களின் எண்ணிக்கை. ஒரே ஒருவர் மட்டும் வந்து பேசினால், ஒவ்வொரு முறை வரும்போதும் கட்டடத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்து விலையைக் கொஞ்சம் இறக்குவார். அவரை விட்டால் ஆளில்லை என்ற அச்சத்தில் நீங்களும் இறங்கி வருவீர்கள். ஒரே வாரத்தில் மூன்று குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போனால் அதே வீடு தன் முழு மதிப்புக்கு நிற்கும். ஆகவே நல்ல மாதம் என்று நான் சொல்வது, வாங்கும் எண்ணமும் கையில் பணமும் உள்ளவர்கள் அதிகமாக நடமாடும் மாதத்தையே.

அந்த நடமாட்டத்தை நம் பகுதியில் முதலில் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் வீடு வாங்க முன்வருவோர் அரிது. புரட்டாசியிலும் பலர் தயங்குவார்கள். உங்களுடையது போன்ற பழைய வீட்டை வாங்குபவர் அதை அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதும் உண்டு. கட்டுவதாக இருந்தால் அவர் வாஸ்து நாள் பார்ப்பார். ஆண்டுக்கு எட்டு நாட்களே வாஸ்து நாட்கள். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய நான்கு மாதங்களில் அந்த நாளே கிடையாது. எட்டில் நான்கு, அதாவது தை 12, மாசி 22, சித்திரை 10, வைகாசி 21 ஆகியவை, தை முதல் வைகாசி வரையிலான மாதங்களுக்குள் வந்துவிடுகின்றன. பங்குனியில் புதுமனை புகுவிழா வைக்க மாட்டார்கள் என்றாலும் முன்பணம் கொடுப்பதற்கும் பத்திரம் பதிவதற்கும் அந்த மாதத்தைப் பெரும்பாலோர் ஒதுக்குவதில்லை; பங்குனியில் பேசி முடித்துச் சித்திரையில் பால் காய்ச்சுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவற்றில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. வாங்கப்போகிறவருக்கும் அவர் வீட்டுப் பெரியவர்களுக்கும் நம்பிக்கை இருக்கிறது. அதை மதித்தே நாம் தேதி குறிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆற்று நீர். கும்பகோணத்தில் வீடு வாங்க வருகிறவர்களில் பாத்திரக் கடைக்காரர், பட்டு வியாபாரி, அரசு ஊழியர், வெளிநாட்டில் சம்பாதிப்பவர் என்று பலரும் உண்டு. ஆனாலும் வலங்கைமான், பாபநாசம், திருப்பனந்தாள் பக்கத்து விவசாயக் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்காக நகரத்தில் ஒரு வீடு இருக்கட்டும் என்று வாங்குவது இன்றும் குறையவில்லை. அவர்கள் கையில் பணம் எப்போது இருக்கும் என்பது மேட்டூர் அணையைப் பொறுத்தது. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி அணை திறந்தால், ஆனியிலும் ஆடியிலும் அவர்கள் பணம் குறுவைக்கான உழவுக்கும் விதைக்கும் நடவுக்கும் போய்விடும். புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையாகும் என்றாலும், அதே நேரத்தில் சம்பா, தாளடிச் செலவுகள் அந்தப் பணத்தை விழுங்கிவிடும். போதாததற்குத் தீபாவளி வேறு. தையின் பிற்பாதியிலிருந்து மாசிவரை சம்பா அறுவடையாகி, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, அதன் விலை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் அந்தக் குடும்பங்களில் அடுத்த செலவைப் பற்றிய பேச்சே எடுப்பார்கள். அடுத்த நடவு வரை அந்தப் பணத்துக்கு வயலில் பெரிய வேலை கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அணை எல்லா ஆண்டும் ஒரே நாளில் திறப்பதில்லை. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தண்ணீர் தாமதமான ஆண்டில் சம்பா பின்தங்கி, அறுவடைப் பணம் பங்குனிக்குத் தள்ளிப்போகும். அத்தகைய ஆண்டில் தையிலேயே வீட்டைக் காட்டி, யாரும் பதில் சொல்லவில்லையே என்று மனம் தளர்ந்து விலையைக் குறைத்துவிடக் கூடாது.

மார்ச், ஏப்ரலில் தேர்வுகள் முடிந்து, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் குடிமாற நினைக்கும் பெற்றோரும், கல்வியாண்டு முடிவில் ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியர்களும் தேடத் தொடங்குவதும் இதே பருவத்தில்தான். இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஓட்டு வீட்டுக்குப் பருவம் மிக முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலத்தடி நீர் மேலே வரும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே இருக்கும் நகரத்தில் இது இயல்பு. உங்கள் வீட்டுச் சுவர்கள் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியவையாக இருக்கும். அந்தக் காலத்து அடித்தளத்தில் ஓதம் ஏறாமல் தடுக்கும் பூச்சு பெரும்பாலும் இருக்காது. ஆகவே மழைக்காலத்தில் சுவரின் கீழ்ப்பகுதி இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரத்தை உறிஞ்சி, உப்புப் பூத்து, காரை உதிரும். கார்த்திகையில் ஒருவர் வந்து கூடத்துச் சுவரில் கைவைத்துப் பார்த்தால், விரலில் ஈரமும் வெள்ளைப் பொடியும் ஒட்டும். அது அந்தக் காலக் கட்டடங்களுக்கெல்லாம் பொதுவான தன்மை என்று நீங்கள் எவ்வளவு விளக்கினாலும், வீடே இற்றுப்போய்விட்டது என்று அவர் மனத்தில் பதிந்துவிடும். தை பிறந்து வறண்ட காற்று சில வாரங்கள் வீசிய பிறகு அதே சுவர் காய்ந்து நிற்கும்.

இதனால் ஒரு வேண்டுகோள். விற்கும் அவசரத்தில் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ சுவருக்கு வண்ணம் அடித்துவிடாதீர்கள். ஈரச் சுவரில் அடித்த பிளாஸ்டிக் எமல்ஷன் பொங்கலுக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரியும்; பார்ப்பவருக்கு அது வெறும் சுவரைவிட அதிக ஐயத்தைத் தரும். உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவது அதைவிடக் கெடுதல். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாமல் அடைக்கும். அந்த ஈரம் இன்னும் மேலே ஏறி, நன்றாக இருக்கும் பகுதியையும் கெடுக்கும். உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். மாசித் தொடக்கத்தில் சுண்ணாம்புக் காரையாலேயே ஒட்டுப்போட்டு வெள்ளையடியுங்கள். செலவும் குறைவு, சுவரும் மூச்சுவிடும்.

மழைக்காலத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேறு வேலை ஒன்று இருக்கிறது. ஐப்பசியில் நல்ல மழை பிடித்த ஒரு நாளில் கும்பகோணத்துக்குப் போய் வீட்டுக்குள் இருந்து பாருங்கள். முற்றத்தில் விழும் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிந்து தெருச் சாக்கடைக்குப் போகிறது, முற்றத்தைச் சுற்றிக் கூரைகள் கூடும் மூலைகளில் எங்கே ஒழுகுகிறது, மெட்ராஸ் ஒட்டின் தேக்கு உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரக் கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த உத்தர முனைகள்தாம் முதலில் இற்றுப்போகும். ஒரு ஆணியால் குத்திப் பார்த்தாலே மரம் கெட்டியாக இருக்கிறதா, செல் அரித்துவிட்டதா என்று தெரியும். சுவரில் ஓதம் ஏறியிருக்கும் உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதியையும் எழுதி வையுங்கள். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். தையில் வீடு பார்க்க வருபவர், மழையில் இங்கே தண்ணீர் ஏறுமா என்று கட்டாயம் கேட்பார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, இந்தப் பகுதியில் கூரையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை. வாய்ச்சொல்லைவிட, தேதியிட்ட படம் அவரைச் சீக்கிரம் நம்பவைக்கும். ஒழுகும் இடத்தில் ஓடுகளை மாற்றிச் சரிசெய்ய மாசி போதும்.

உலர்ந்த பருவத்தில் காட்டச் சொல்வதைக் குறையை மறைக்கச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத முக்கியமான குறைகளை விற்பவர் தாமாகவே வாங்குபவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு சொல்லும் கடமை. ஓதம் எவ்வளவு உயரம் ஏறும், கிணற்றில் கோடையில் தண்ணீர் எவ்வளவு இறங்கும் என்பதைத் தையிலேயே சொல்லிவிடுங்கள். பேரம் முடிந்த பிறகு தெரியவந்தால்தான் சச்சரவு.

இனிப் பத்திரங்கள். கும்பகோணம் என்று எழுதியிருப்பதால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அடிமனை யாருடையது என்பது. கோயில்களையும் மடங்களையும் சுற்றியுள்ள தெருக்களில் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ இருந்து, கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்குச் சொந்தமாக இருக்கும் வீடுகள் பல உண்டு. மூன்று தலைமுறையாக வீட்டு வரி கட்டி வந்தாலும் அதனால் மனை நமதாகிவிடாது. தந்தையாரின் காகிதங்களில் அடிமனை வாடகை ரசீது ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே கோயிலின் பெயர் இருந்தால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு குறுக்கே வரும். அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் அந்த மனைக்குக் கிரயப் பத்திரம் பதிவாகாது. அப்படி இருந்தால் மாதத்தைப் பற்றிய இந்த ஆலோசனை முழுவதையும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அடிமனை உங்களுடையதே என்றால் பெரிய கவலை நீங்கியது.

அடுத்து, தந்தையாரின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். உயில் இல்லாததால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீடு என்றால் உங்கள் தாயார், நீங்கள், தங்கை, தம்பி ஆகிய நால்வருக்கும் சம பங்கு. தந்தையார் காலமானபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பட்டாவையும் வீட்டு வரியையும் வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். வில்லங்கச் சான்றையும் இப்போதே எடுத்துப் பாருங்கள்; என்றோ அடைத்துவிட்ட ஒரு பழைய அடமானம், அதற்கான ரசீது பதியப்படாததால், இன்னும் கடனாகவே நிற்பது நாம் நினைப்பதைவிட அதிகம். மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கடன் வாங்கி வீடு வாங்குபவரின் வங்கி, சட்ட ஆலோசகரிடமும் என்னைப் போன்ற மதிப்பீட்டாளரிடமும் அறிக்கை கேட்கும். அந்த அறிக்கைகள் எங்கே தடைபடுகின்றன என்று பார்த்தால், பெரும்பாலும் பெயர் மாறாத பட்டாவில்தான்.

தம்பி டிசம்பரில் வருவதும், டிசம்பரின் பிற்பாதி மார்கழியாக இருப்பதும் உங்களுக்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். என் கருத்தில் அது மிகவும் வசதியானது. மார்கழியில் கிரயம் செய்ய யாரும் வர மாட்டார்கள். ஆனால் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுத எவரும் நாள் பார்ப்பதில்லை, சார்பதிவாளர் அலுவலகத்திலும் அப்போது கூட்டம் குறைவு. தம்பி ஊரில் இருக்கும்போதே, இந்த ஒரு வீட்டை விற்பதற்கு மட்டுமான அதிகாரப் பத்திரத்தை உங்கள் பெயருக்கோ தங்கை பெயருக்கோ நேரில் வந்து பதிந்து கொடுத்துவிடட்டும். பிறகு சித்திரையில் கிரயத்துக்காக அவர் விடுப்பு எடுத்து வர வேண்டியதில்லை. டிசம்பரைத் தவறவிட்டால், சிங்கப்பூரில் இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டும். எப்படியானாலும் கிரயத்தின்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான சான்று கேட்பார்கள். அதைச் சில நாட்களுக்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலர் கவனிக்கத் தவறுவது, உடன்படிக்கையின் கெடு எந்த மாதத்தில் முடிகிறது என்பது. வைகாசித் தொடக்கத்தில் முன்பணம் வாங்கி மூன்று மாதக் கெடு கொடுத்தால், அது ஆடிக் கடைசியிலோ ஆவணித் தொடக்கத்திலோ முடியும். ஆடியில் பதிய வேண்டாம் என்பார் வாங்குபவர். ஆவணியில் நல்ல நாள் பார்க்கலாம் என்பார். அதற்குள் குறுவைச் செலவு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ளும். மாசியில் உடன்படிக்கை, மூன்று மாதக் கெடு, வைகாசிக்குள் கிரயம் என்று நான் கணக்கிடுவதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்த உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்குபவர் பின்வாங்கினாலும் அவரே வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடும்வரை வேறொருவருக்கு விற்பது கடினம். ஆகவே பதினோரு மாதக் கெடு கேட்பவரிடம், விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகையை வருமான வரித் துறை அபராதமாகக் கேட்கலாம்.

கிரயத்தை மார்ச் மாதத்தில் முடிப்பதா, ஏப்ரல் 14க்குப் பிறகு சித்திரையில் முடிப்பதா என்பதற்கு வருமான வரியும் ஒரு காரணம். உங்கள் நால்வருக்கும் கிடைப்பது நீண்டகால மூலதன ஆதாயம்; அவரவர் பங்குக்குத் தனித்தனியாக 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23க்கு முன்பே கிடைத்த சொத்து என்பதால், பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்துக் கணக்கிட்டு 20 விழுக்காடு கட்டும் பழைய முறை உங்களுக்குக் குறைவாக வந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். வெளிநாடு வாழும் தம்பிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் பங்குக்கான வரியை வாங்குபவரே பிடித்துக் கட்ட வேண்டும். முழுத் தொகையின்மேல் பிடித்துவிடாமல் இருக்க, வரிப் பிடித்தக் குறைப்புச் சான்றுக்கு உடன்படிக்கை ஆனவுடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். உங்களில் யாரேனும் ஆதாயத்தைக் கொண்டு வேறு வீடு வாங்க நினைத்தால் இரண்டு ஆண்டுகள், கட்ட நினைத்தால் மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள் செலவிடாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மார்ச்சில் விற்றால் அந்த நாள் அதே ஆண்டு ஜூலை 31. ஏப்ரலில் விற்றால் மறு ஆண்டு ஜூலை 31. சித்திரைக் கிரயத்தால் உங்களுக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. இருந்தாலும் வங்கிக் கடன் கைக்கு வந்துவிட்ட ஒருவர் மார்ச் மாதமே பதிந்துவிடலாம் என்றால், இந்த ஒரு காரணத்துக்காக அவரைத் தட்டிக்கழிக்க வேண்டாம். வீடு அதற்கு முன்பே தந்தையாருக்குச் சொந்தமாகியிருந்தால், வாங்கிய விலைக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள, 2001 ஏப்ரல் 1ஆம் தேதி நிலவரப்படி வீட்டின் மதிப்பு என்ன என்பதற்கு, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். வரி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு எண்ணே தீர்மானிக்கும்.

வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு செலவாகும் என்பதையும் பேரத்தின்போது நினைவில் கொள்ளுங்கள். 40 லட்சத்துக்கு அது 3 லட்சத்து 60 ஆயிரம். பதிவு நாளைப் பொறுத்தவரை, பெரிய முகூர்த்த நாளைத் தவிர்த்து, சாதாரணமான ஒரு நல்ல நாளைத் தேர்ந்தெடுக்குமாறு வாங்குபவரிடம் சொல்லிப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் 100 டோக்கன் கொடுக்கும் அலுவலகத்தில் 150 கொடுப்பார்கள். வயதான தாயாரை அந்தக் கூட்டத்தில் மாலைவரை உட்கார வைக்க வேண்டாம். அதிகாரப் பத்திரமும் சேர்ந்து வரும் ஆவணத்தைச் சரிபார்க்கச் சார்பதிவாளருக்கும் சற்று நேரம் தேவை.

மகாமகத்துக்காகக் காத்திருக்கச் சொன்னவரின் யோசனையை நான் ஏற்கவில்லை. மகாமகத்தையொட்டி நகரில் சாலைகளும் வசதிகளும் மேம்படும், உண்மைதான். அதனால் பலன் பெறுவது விடுதியாகவோ கடையாகவோ மாற்றத்தக்க, அகலமான சாலையில் உள்ள கட்டடங்களே. பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு படி தேயும். ஓடு விலகிய ஓரிடத்தில் ஒழுகும் நீர், பார்க்க ஆளில்லாவிட்டால், இரண்டு பருவத்தில் ஓட்டைத் தாங்கும் கைமரத்தை இற்றுப்போகச் செய்துவிடும். விழாவால் கூடுமோ கூடாதோ என்ற விலைக்காக, கண்ணெதிரே குறையும் கட்டடத்தை வைத்துக் காத்திருப்பது சரியில்லை. ஆவணிக்குள் முடிக்கச் சொன்னவர் பருவத்தைச் சரியாகத்தான் சொல்கிறார். ஆவணி நம் பகுதியில் இரண்டாவது நல்ல பருவம். ஆனால் வாரிசுகளின் பெயருக்கு மாறாத பட்டாவை வைத்துக்கொண்டு இரண்டு வாரத்தில் விற்க முனைந்தால், அந்தக் குறைக்காகவே விலையைக் குறைப்பார்கள். ஏதோ காரணத்தால் தைக்குள் பத்திரங்கள் தயாராகவில்லை என்றால், அடுத்த ஆவணியை நோக்கி வேலை செய்யுங்கள்.

வாடகைக்கு விட வேண்டாம். நான்கைந்து மாத வாடகை பெரிய தொகை ஆகாது. தையில் வீட்டைக் காலிசெய்து காட்டுவது உங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நம்பகமான ஒருவருக்குச் சிறு தொகை கொடுத்து, வாரம் இருமுறை வீட்டைத் திறந்து காற்றோட்டம் விடவும், கூரையில் விழும் சருகுகளை அள்ளவும், முற்றத்து நீர்த்தாரையைச் சுத்தம் செய்யவும், கிணற்று நீரை இறைத்துவிடவும் ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த வீட்டுக்காரரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒட்டினாற்போல் இருக்கும் மனை, உலகத்தில் வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் பயன்படும். இரண்டு மனையும் சேரும்போது அவருடைய மனையின் மதிப்பும் கூடுகிறது. மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க அவருக்கு நியாயம் இருக்கிறதே தவிர, குறைத்துக் கேட்க இல்லை. போட்டிக்கு வேறு ஆளில்லை என்பதால்தான் இப்போது குறைத்துக் கேட்கிறார். தாயார் பெயரைச் சொல்லி மரியாதையாகவே பேசுங்கள்: பத்திரங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன, தம்பி வந்து கையெழுத்திட்ட பிறகே விலை பேச முடியும், தையில் முதலில் உங்களிடம்தான் சொல்வோம் என்று சொல்லுங்கள். இடையில் ஐப்பசியில் அவரே இறங்கி வந்து நீங்கள் எதிர்பார்க்கும் விலையைக் கொடுக்க முன்வந்தால், அதற்குள் வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும் கைக்கு வந்திருந்தால், உடன்படிக்கை போட்டுவிடலாம். மூன்று மாதக் கெடு அப்போது தையில் முடியும். நால்வருமே கையெழுத்திட வேண்டிய அந்த உடன்படிக்கைக்குத் தம்பியின் அதிகாரப் பத்திரம் தேவைப்படும் என்பதால், சிங்கப்பூரில் தூதரகத்தின் வழியே அதை எழுதி அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று இந்த வாரமே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.